நாலு நாள்ல பழகிடும்

பிப்ரவரி 4

அன்புள்ள கொசுவுக்கு,

அக்கா எழுதறேன். நான் நல்லா இருக்கேன். நீ எப்படி இருக்கே? மலைமேல குளிர்ல பல்லு கிட்டுதுன்னு கேள்விப்பட்டேன். வீம்பு பண்ணாம ரெண்டு சட்டை போட்டுக்கோ. முப்பத்தி நாலு வயசுலயும் கொசுன்னு கூப்பிடறாளேன்னு மூஞ்சியைத் தூக்காதே. சின்ன வயசுல காதுகிட்ட வந்து நொய்நொய்னு உயிரை வாங்கினது யாரு, நீதானே.

வெடி வைக்கிற இடம்னு உங்க போனை எல்லாம் கேட்லயே வாங்கி வச்சுக்கிறாங்கன்னு நீ எழுதியிருந்தே. உண்மையைச் சொன்னா எனக்கு அது நிம்மதியா இருந்தது. போன்ல உன் குரலைக் கேட்டா நான் அழுவேன். நான் அழுதா நீ அடுத்த வண்டி பிடிச்சு வந்து நிப்பே. கடுதாசின்னா அழுது முடிச்சு, மூஞ்சியைக் கழுவிட்டு வந்து எழுதலாம்.

போன வாரத்துலேருந்து கடைக்குப் போறேன். கேஸு கேஸுன்னு பாதி நாள் லீவு போட்டவளை மூக்குக்கண்ணாடிக் கடையில வேற எந்த முதலாளி வச்சுக்குவான்? ஃபிட்டர் அண்ணன்தான் எனக்காக வாதாடியிருக்கார். "இந்தப் பொண்ணு மாதிரி லென்ஸ் அரைக்க ஆள் கிடைக்காது"ன்னாராம். நான் லென்ஸை அரைச்சு ஃபிரேம்ல மாட்டி ட்ரேயில வைக்கணும். அதை பவர் பார்க்கிற மெஷின்ல வச்சு, டாக்டர் சீட்டோட ஒத்துப்போகுதான்னு பார்த்து, ஆர்டர் கார்டுல கையெழுத்துப் போடறது அவர் வேலை. மனுஷன் எங்க பார்க்கிறார்! காலைல வந்ததும் அன்னிக்கு நான் அரைக்கப்போற கார்டு மொத்தத்துக்கும் கையெழுத்தைப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிடறார். கேட்டா, "பதினொரு வருஷமா நீ அரைச்சது ஒண்ணாவது திரும்பி வந்திருக்கா? உன்னைச் செக் பண்ணினா எனக்குத்தான் பாவம்"ங்கறார்.

நம்ம வாலு இருந்திருந்தா இந்த மாசம் பத்து முடிஞ்சிருக்கும். அவளைப் பத்தி எழுத வேண்டாம்னுதான் உட்கார்ந்தேன். என் பொண்ணைப் பத்தி எழுதாம நான் வேற எதை எழுத? அவளை லாரியில அடிச்சவன், பிரேக் பிடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு, சாட்சி பத்தலைன்னு வீட்டுக்குப் போயிட்டான். கோர்ட் வாசல்ல நீ அவன் சட்டையைப் பிடிச்சே, நான் உன் காலைப் பிடிச்சேன். அன்னிக்கு நீ எனக்குச் சத்தியம் பண்ணியிருக்கே, அவன்மேல கை வைக்கமாட்டேன்னு. உன்னை அந்த மலைக்கு விரட்டினதே அதுக்குத்தான். ஒரு உசிரைப் பறிகொடுத்தாச்சு. இன்னொண்ணை ஜெயில் கம்பிக்குள்ள பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

நல்லா சாப்பிடு. பதில் போடு.

உன் அக்கா

பிப்ரவரி 19

அக்காவுக்குக் கொசுவின் வணக்கம்.

நான் சௌக்கியம். நீ சௌக்கியமா இல்லைன்னு தெரியும். இருந்தாலும் முறைக்குக் கேட்டு வைக்கிறேன்.

ரெண்டு இல்லை, மூணு சட்டை போட்டிருக்கேன். பார்க்கிறவன் எல்லாம் நான் தேறிட்டேன்னு நினைக்கிறான். எனக்குக் கிடங்குல வேலை. சுரங்கத்துக்குள்ள போறவனுக்கு ஹெல்மெட்டும் கையுறையும் எடுத்துக் கொடுக்கணும், வெளிய வந்ததும் பிடுங்கி வைக்கணும். வலது கை உறையே ரெண்டு கொடுத்துட்டேன்னு ஒருத்தன் நேத்து என்னை மூணு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டினான். சாமான் வண்டி பத்து நாளைக்கு ஒருதடவை வரும். தபாலும் அதுலதான். மழை வந்து பாதை சரிஞ்சா அதுவும் கிடையாது. பதில் தாமதமானா கோவிச்சுக்கிட்டேன்னு கற்பனை பண்ணிக்காதே.

சத்தியத்தைப் பத்தி எழுதியிருந்தே. மீறமாட்டேன். ஆனா ஒண்ணு உன்கிட்ட மறைக்க முடியலை. அவன் வீட்டு விலாசத்தைக் கேஸ் கட்டுலேருந்து எழுதி எடுத்து பர்ஸ்ல வச்சிருக்கேன். தினமும் ஒருதடவை எடுத்துப் பார்க்கிறேன். பார்த்துட்டு மடிச்சு வச்சுடறேன். வேற ஒண்ணும் பண்றதில்லை. பார்க்காம இருந்தா வாலுவை நான் மறந்துட்ட மாதிரி இருக்கு.

வேளைக்குச் சாப்பிடு. ஃபிட்டர் அண்ணனுக்கு என் நன்றியைச் சொல்லு.

கொசு

மார்ச் 10

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல். இருமல் இருந்தா மருந்து வாங்கிக்கோ.

கோபப்படாம, நிதானமா படி. அவன் நம்ம கடைக்கு வந்தான். ஆமா, அந்த டிரைவர்தான்.

கவுண்டர்ல இருக்கிற பொண்ணு சாப்பிடப் போயிருந்தா. மணிச் சத்தம் கேட்டு நான்தான் எழுந்து போனேன். டாக்டர் எழுதின சீட்டை நீட்டிக்கிட்டு நிக்கிறான். இளைச்சுப் போயிருந்தான். என்னைப் பார்த்தான், உடனே தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அடையாளம் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கலை. இப்ப லாரி ஓட்டறதில்லையாம். ஒரு பைண்டிங் பிரஸ்ல பேப்பர் வெட்டற மெஷின்ல இருக்கானாம். அளவுக் கோடு மங்கலாத் தெரியுது, அதனால கண்ணாடின்னு சொன்னான்.

சீட்டை வாங்கிக்கிட்டேன். எல்லாருக்கும் சொல்ற மாதிரி, ரெண்டு நாள் கழிச்சு வாங்கன்னு சொன்னேன். வந்தான். போட்டுப் பார்த்தான். வாங்கிட்டுப் போயிட்டான்.

அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்லை. இதைப் பத்தி நீ எதுவும் கேட்டு எழுத வேண்டாம்.

அக்கா

மார்ச் 26

அக்கா,

உனக்கு ஒண்ணும் இல்லையே? நல்லா இருக்கேதானே? கடுதாசியை நாலு தடவை படிச்சேன்.

முதல் தடவை படிச்சப்ப ஆத்திரத்துல ஹெல்மெட் ஒண்ணைத் தூக்கி அடிச்சேன். நானா இருந்தா அந்த ஃபிரேமை அவன் கண்ணுலயே சொருகியிருப்பேன். ரெண்டாவது தடவை படிச்சப்ப அழுதுட்டேன். என் அக்கா பெத்த பொண்ணைக் கொன்னவன் எதிர்ல வந்து நிக்கிறான், அவ அவன் கண்ணு தெரியறதுக்கு லென்ஸ் அரைச்சுக் கொடுக்கிறா! எனக்கு இந்த ஜென்மத்துல அந்த மனசு வராது. நீ மனுஷியே இல்லை அக்கா. நிஜமாத்தான் சொல்றேன், கிண்டல் இல்லை.

உன் கடுதாசியை இங்க என்கூட தங்கியிருக்கிற வெல்டருக்குப் படிச்சுக் காட்டினேன். அவனும் தம்பிகிட்ட ஏதோ சண்டை போட்டுட்டு வந்தவன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னான்.

அந்த விலாசச் சீட்டை இதோட வச்சு அனுப்பறேன். என் கையால கிழிக்க மனசு வரலை. நீயே கிழிச்சுப் போட்டுடு. நீயே விட்டுட்டேன்னா எனக்கு என்ன இருக்கு? அனுப்ப முடிவு பண்ணின அன்னிக்கே கட்டை மாதிரி தூங்கினேன்.

உடம்பைப் பார்த்துக்கோ.

கொசு

ஏப்ரல் 15

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீ நலமா?

என்னை அவ்வளவு உசரத்துல தூக்கி வைக்காதே. இதை ஊரெல்லாம் படிச்சுக் காட்டாதே. கேட்டுக்கறேன்.

அவன் திரும்பவும் வந்தான். தரை மேடு தட்டற மாதிரி இருக்காம், தலை சுத்துதாம். புதுக் கண்ணாடி போட்டவங்க யார் வந்து எது சொன்னாலும் எங்க தொழில்ல ஒரே பதில்தான். நாலு நாள்ல பழகிடும்னு சொல்லுவோம். நூத்துல தொண்ணூறு பேருக்கு அது உண்மையும்கூட. அவன்கிட்டேயும் அதைத்தான் சொன்னேன். மெஷின்ல வச்சுப் பார்த்துட்டுச் சொன்னேன். சரிங்கன்னு தலையாட்டிட்டுப் போனான்.

இங்க வெயில் ஏற ஆரம்பிச்சிடுச்சு. நீ அனுப்பின விலாசச் சீட்டு வந்தது.

அக்கா

மே 6

தம்பி,

உன் பதில் வரலை. வர்ற வரைக்கும் காத்திருக்க முடியலை. நலம் விசாரிக்கிற நிலைமையில நான் இல்லைடா.

சுத்தி வளைக்காம சொல்லிடறேன். அவனுக்கு நான் கொடுத்தது சரியான கண்ணாடி இல்லை.

அவன் லென்ஸை ஒரு குறிப்பிட்ட கோணத்துல நிறுத்தி மாட்டணும். சீட்டுல பத்து டிகிரின்னு தெளிவா எழுதியிருந்தது. நான் வேணும்னே எழுபதுல வச்சேன். அப்படி மாட்டினா நேரா இருக்கிறது சாஞ்சு தெரியும். தூரம் எது, கிட்டம் எதுன்னு புரியாது. அவன் லாரியை விட்டுட்டான், எவன் மேலயும் ஏத்தமாட்டான்னு தெரிஞ்சப்புறம்தான் பண்ணினேன். தலை வலிக்கட்டும், படியில தடுக்கி விழட்டும், என் பொண்ணு விழுந்த மாதிரி ஒரு தடவையாவது விழட்டும்னு நினைச்சேன். அதுக்குமேல நினைக்கலை. சத்தியமா நினைக்கலை. அவன் திரும்பி வந்தப்ப சரி பண்ணியிருக்கலாம். அரை மணி நேர வேலை. மெஷின்ல எழுபதுன்னு தெரியுது, நான் சரியா இருக்குன்னு சொல்லி அவன் மூக்குல மாட்டி அனுப்பினேன்.

அந்த பிரஸ்ல அவன் பெண்டாட்டியும் வேலை பார்க்கிறா. அது எனக்குத் தெரியாது. அவன் காலால மிதிச்சா கத்தி இறங்கும், வெட்டின பேப்பர் கட்டை அவ எடுத்து அடுக்கணும். போன மாசம் இருபத்தி ரெண்டாம் தேதி அவ கை வெளிய வந்துடுச்சுன்னு நினைச்சு மிதிச்சிருக்கான். வலது கையில நாலு விரல் போயிடுச்சு.

விபத்து விசாரணைக்கு வந்த அதிகாரி கண்ணாடியைச் சோதிச்சுப் பார்த்துட்டு கடைக்கு வந்துட்டார். கார்டை எடுத்தாங்க. ஃபிட்டர் அண்ணன் கையெழுத்து இருந்தது. அரைக்கிறவங்க தப்பு பண்ணுவாங்க, அதைப் பிடிக்கத்தானே செக்கிங்னு முதலாளி அவரை அன்னிக்கே வெளிய அனுப்பிட்டார். இருபத்தாறு வருஷ சர்வீஸ். போகும்போது என்னைப் பார்த்து, "நீ மனசைப் போட்டுக் குழப்பிக்காதேம்மா, என் தப்பு"ன்னுட்டுப் போனார்.

நான் வாயே திறக்கலை. ஸ்டூல்லயே உட்கார்ந்திருந்தேன்.

நான் இப்ப என்னடா பண்ணட்டும்? சொல்லு.

அக்கா

மே 8

என் அன்பு அக்காவுக்கு,

நலமா? இங்க எல்லாரும் நலம். என் மூக்கு மட்டும் பத்து நாளா ஒழுகிக்கிட்டிருக்கு.

உனக்கு ஒரு கதை சொல்லணும். கிடங்குலேருந்து நாலு ஜோடி பூட்ஸ் காணாமப் போயிடுச்சு. எடுத்தவன் யாருன்னு எனக்குத் தெரியும். பழைய நானா இருந்தா அவனைச் சுவத்துல சாத்திப் பல்லை எண்ணியிருப்பேன். எதிர்ல போய் நின்னேன், கையும் ஓங்கிட்டேன். ஓங்கினப்ப நீ ஞாபகத்துக்கு வந்தே. கையை இறக்கிட்டேன். சூப்பர்வைசர்கிட்ட முறையா எழுதிக் கொடுத்தேன். வெல்டர் என்னைச் சாமியார்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டான். நீயும் வேணா கூப்பிட்டுக்கோ, கொசுவுக்கு அது தேவலை.

வெல்டர் தம்பிக்குக் கடுதாசி போட்டுட்டான். எல்லாம் உன்னாலதான்.

சாமியார்

ஜூன் 2

தம்பி,

உன் கடுதாசி கிடைச்சது. ஆனா அது என் கடுதாசிக்குப் பதில் இல்லை. தேதியைப் பார்த்தேன். என்னோடது உன் கைக்கு வர்றதுக்கு முன்னாடி எழுதியிருக்கே. பாதிதான் படிச்சேன். மீதியை இன்னும் படிக்கலை.

இங்க மழை பிடிச்சுக்கிச்சு. உங்க பாதை சரிஞ்சிருச்சுன்னு பேப்பர்ல போட்டிருந்தான். நீ சொல்றதுக்காகக் காத்திருந்தா நான் காலம் முழுக்கக் காத்துக்கிட்டுத்தான் இருப்பேன். அதனால நானே போனேன்.

முதல்ல முதலாளிகிட்ட சொன்னேன். கதவைச் சாத்தினார். "நீ சொன்னது என் காதுல விழலை"ன்னார். "அண்ணன் பண்ணினது கவனக்குறைவு. அபராதத்தோட போச்சு. நீ வேணும்னே பண்ணினேன்னு வெளிய தெரிஞ்சா இந்தக் கடைக்கு எவன் வருவான்? எட்டு குடும்பத்துக்கும் நீ சோறு போடறியா?"ன்னு கேட்டார். நான் எழுந்தப்ப, "நாளையிலேருந்து செக்கிங் கையெழுத்தும் நீயே போடு"ன்னார். போடறேன். ஒவ்வொண்ணையும் மூணு தடவை பார்த்துட்டுப் போடறேன்.

அப்புறம் ஃபிட்டர் அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஜன்னலோரமா சேர் போட்டுக்கிட்டு, எதிர்க் கட்டடத்து போர்டை ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால படிச்சுக்கிட்டிருந்தார். நான் தப்பா அரைக்கமாட்டேன், அவர்தான் சீட்டைத் தப்பா படிச்சுச் சொல்லியிருக்கணும், தனக்குக் கண்ணு போயிடுச்சோன்னு பயந்துபோயிட்டாராம். நான் விஷயத்தைச் சொன்னதும் முதல்ல சிரிச்சார். "அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்கா!"ன்னு தன் சம்சாரத்தைக் கூப்பிட்டுச் சொன்னார். அப்புறம்தான் அவருக்கு முழுசா உறைச்சது. "என் கையெழுத்து முன்னாடியே விழுந்திருக்கும்னு தெரிஞ்சுதானேம்மா பண்ணினே?"ன்னு கேட்டார்.

ஆமான்னேன். பொய் சொல்ல வரலை.

"நாலு கடையில வேலை கேட்டேன். செக் பண்ணத் தெரியாதவன்னு பேர் ஆயிடுச்சு. நீ போய்ச் சொன்னாலும் மாறாது. பார்க்காம போட்டது நான்தானே. இனிமே இந்த வீட்டுக்கு வராதே"ன்னார். அதிர்ந்துகூடப் பேசலை. அவர் சம்சாரம் கொண்டுவந்த தண்ணியை அப்படியே வச்சுட்டு வந்துட்டேன்.

அடுத்து அந்த வீட்டுக்குப் போகணும். நீ அனுப்பின சீட்டை நான் கிழிக்கலை.

அக்கா

ஜூன் 28

அக்கா,

பாதையைச் சரி பண்ணி இன்னிக்குத்தான் வண்டி வந்தது. உன் ரெண்டு கடுதாசியும் ஒண்ணா வந்தது.

எங்கேயும் போகாதே. யார்கிட்டேயும் எதுவும் சொல்லாதே. இந்தக் கடுதாசி வந்த நிமிஷம் அந்தச் சீட்டைக் கிழிச்சுப் போடு.

உன்மேல எனக்கு எவ்வளவு ஆத்திரம்னு எழுதத் தெரியலை. நான் அடிச்சிருந்தா ரெண்டு பல்லோட போயிருக்கும்! ஆறு மாசம் உள்ள இருந்துட்டு வந்திருப்பேன். அவன் பெண்டாட்டி விரலோட இருந்திருப்பா, அண்ணன் டீ குடிச்சுக்கிட்டுக் கடையில இருந்திருப்பார். என் கையைக் கட்டிப்போட்டு இந்தப் பாறைக்கு நடுவுல தள்ளிட்டு, நீ அங்க உட்கார்ந்துக்கிட்டு இதையா பண்ணினே? நான் இங்க சாமியார் வேஷம் கட்டிக்கிட்டுத் திரிஞ்சேனே! வெல்டர் நேத்தும் உன்னைப் பத்திக் கேட்டான். நல்லா இருக்காங்கன்னு சொன்னேன்.

இத்தனையும் எழுதிட்டு உட்கார்ந்திருக்கேன். உன் மூஞ்சிதான் கண்ணு முன்னாடி நிக்குது. கோர்ட்ல தீர்ப்பு சொன்னப்ப, என்ன சொல்றாங்கன்னு புரியாம பக்கத்துல இருந்தவங்களை எல்லாம் ஒவ்வொருத்தரா திரும்பிப் பார்த்தியே, அந்த மூஞ்சி.

இங்க வந்துடு. ஆபீஸ்ல ஃபைல் அடுக்க ஒரு பொம்பளை வேணும்னு தேடறாங்க. நான் பேசறேன்.

கொசு

ஜூலை 9

தம்பி,

நீ திட்டினது எல்லாம் நியாயம். இன்னும்கூடத் திட்டியிருக்கலாம்.

உன் கடுதாசி வர்றதுக்குள்ள நான் போயிட்டு வந்துட்டேன்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் போனேன். மூணாவது மாடி. வராந்தாவுல துணி காய்ஞ்சுக்கிட்டிருந்தது. கதவைத் திறந்தது அவன் பெண்டாட்டிதான். இடது கையால தாழ்ப்பாளோட மல்லுக்கட்டித் திறந்தா. பிரஸ்லேருந்து வந்திருக்கேன்னு நினைச்சுட்டு, "உள்ள வாங்கக்கா, உட்காருங்க"ன்னா. உள்ள அவன் தரையில உட்கார்ந்து துணி மடிச்சுக்கிட்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து சுவரோரமா நின்னுட்டான்.

நான் யாருன்னு சொன்னேன். என்ன பண்ணினேன்னும் சொன்னேன். அவன் மூஞ்சியைப் பார்க்காம, அவ மூஞ்சியைப் பார்த்துச் சொன்னேன். அவ ஒண்ணும் புரியாத மாதிரி புருஷனைத் திரும்பிப் பார்த்தா.

அவன், "எனக்குத் தெரியும்"ன்னான்.

கவுண்டர்ல பார்த்ததுமே என்னைத் தெரிஞ்சுக்கிட்டானாம். ஓடிடலாம்னு பார்த்தானாம், கால் வரலையாம். "போட்டதுமே தப்பா இருக்குன்னு தெரிஞ்சதுங்க. ரெண்டாவது தடவை வந்தப்ப நீங்க என் கண்ணைப் பார்க்காம சரியா இருக்குன்னு சொன்னீங்க. அப்பவே புரிஞ்சுக்கிட்டேன். இது நீங்க எனக்குக் கொடுக்கிறது, வாங்கிக்கணும்னு போட்டுக்கிட்டேன்"ன்னான். அப்புறம் நான் கேட்காமலே சொன்னான். "பிரேக் நல்லாத்தாங்க இருந்தது. நான் தூங்கிட்டேன். கோர்ட்ல சொன்னது பொய்."

இந்த ஒரு வார்த்தைக்காக ஒன்றரை வருஷம் கோர்ட் பெஞ்சு தேய உட்கார்ந்திருந்தேன்டா. அது கிடைச்சதும் நெஞ்சுல இருக்கிற கல்லு இறங்கிடும்னு நினைச்சிருந்தேன். ஒண்ணுமே இறங்கலை. அவன் பெண்டாட்டி கையில கட்டு அழுக்கா இருக்கே, யார் மாத்திவிடறாங்கன்னு பார்த்துக்கிட்டு நின்னேன்.

அவ எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்தா. "உனக்குத் தெரியும். இவருக்கும் தெரியும். நான்தானே தெரியாம கையை நீட்டிக்கிட்டிருந்தேன்"ன்னா.

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "உன் பாவத்தைக் கழிக்க என் கைதான் கிடைச்சதா?"ன்னு கத்தினா. மடிச்சு வச்ச துணியை எல்லாம் காலால எத்திவிட்டா. என்னைப் பார்த்து, "போ"ன்னா. நான் படி இறங்கி முடிக்கிற வரைக்கும் அவ கத்தற சத்தம் கேட்டது.

சொன்னா எங்கேயாவது ஒரு ஓரத்துல சரியாகும்னு நினைச்சேன். நான் சொல்றதுக்கு முன்னாடி அந்த வீட்டுல புருஷன் துணி மடிச்சுக்கிட்டிருந்தான். அதையும் கெடுத்துட்டு வந்துட்டேன்.

அக்கா

ஜூலை 25

அக்கா,

சாப்பிடறியா? கடைக்குப் போறியா? அதை முதல்ல எழுது.

நடந்தது நடந்து போச்சு. அந்தம்மா போலீஸுக்குப் போனாங்களா? போகலைன்னா அங்க உன்னைப் பிடிச்சு வைக்க யாரும் இல்லை. இங்க ஆபீஸ்ல பேசிட்டேன். ஆகஸ்ட் கடைசிக்குள்ள வரச் சொல்றாங்க. கிடங்குக்குப் பின்னாடி ஒரு ரூம் ஒழிச்சுத் தர்றாங்க. ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை, நான் போட்டுத் தர்றேன். ஒரு பெட்டி மட்டும் எடுத்துக்கிட்டு வா.

அன்னிக்குத் திட்டினதை மனசுல வச்சுக்காதே. எனக்கும் உன்னை விட்டா யாரு இருக்கா?

கொசு

ஆகஸ்ட் 20

அன்புள்ள கொசுவுக்கு,

சாப்பிடறேன். கடைக்குப் போறேன். நீ நல்லா இருக்கணும்.

ரூமை வேற யாருக்காவது கொடுத்துடச் சொல்லு. நான் வர முடியாது.

அவ போலீஸுக்குப் போகலை. கடைக்கு வந்தா. கட்டுப் பிரிச்சாச்சு. மெஷின் ரூம் வாசல்ல வந்து நின்னா. "நான் போலீஸுக்குப் போனா நீ உள்ள போவே. கோர்ட்ல பொய் சொன்னதுக்கு இவரும் உள்ள போவார். அப்புறம் என் வீட்டுல அடுப்பு எப்படி எரியும்? அதனால போகமாட்டேன்"ன்னா. கும்பிட்டேன். "கும்பிடாதே. உனக்கு ஒரு வேலை வச்சிருக்கேன்"ன்னா.

அவளுக்கு ஒரு பொண்ணு இருக்குடா. எட்டு வயசு. முடி இடுப்பு வரைக்கும் இருக்கு. ஒத்தைக் கையால அம்மாவால பின்ன முடியலை. அப்பாவைத் தலையில கை வைக்க இவ விடறதில்லை. பள்ளிக்கூடத்துல தலைவிரிகோலமா வராதேன்னு டீச்சர் திட்டறாங்களாம். "தினம் காலைல ஏழு மணிக்கு வந்து பின்னிவிட்டுட்டுப் போ. ஒரு நாள் தவறக் கூடாது"ன்னா. எத்தனை நாளைக்குன்னு கேட்டேன். "என் விரல் முளைக்கிற வரைக்கும்"ன்னா.

போறேன். இன்னியோட இருபத்தி மூணு நாள். அவன் என்னைப் பார்த்ததும் வராந்தாவுக்கு எழுந்து போயிடறான். அவன்கூட அவ பேசறதில்லை. தட்டுல சாப்பாட்டை வச்சுத் தரையில தள்ளிவிடறா. என்கூடவும் பேசறதில்லை. அந்தக் கையை மடியில வச்சுக்கிட்டு, எதிர்ல உட்கார்ந்து, நான் பின்ற வரைக்கும் என் கையைத்தான் பார்த்துக்கிட்டிருப்பா. நான் யாருன்னு குழந்தைக்குச் சொல்லலை. அத்தைன்னு கூப்பிடுது. வாலுவோட முடி சுருட்டை, சீப்பே இறங்காது. இதுக்குப் பட்டு மாதிரி வழுக்குது. எட்டு வயசுக் குழந்தையோட தலையில என்ன வாசனை வரும்னு எனக்கு மறந்திருந்தது. இப்ப தினம் ஏழு மணிக்கு ஞாபகம் வருது.

உன்கிட்ட ஓடி வந்துடலாமான்னு எனக்கும் தோணுச்சு. பெட்டியைக்கூட எடுத்தேன். ஆனா மறுநாள் ஏழு மணிக்கு அந்தக் குழந்தை முடியை விரிச்சுப் போட்டுக்கிட்டுக் காத்துக்கிட்டிருக்குமே.

நேத்து பாதி பின்னும்போது திடீர்னு தலையைத் திருப்பி, "அத்தை, உங்க வீட்டுல பொண்ணு இருக்கா?"ன்னு கேட்டது. பின்னல் என் கையிலேருந்து நழுவிடுச்சு. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவ அம்மா சொல்லிட்டா. "இல்லை. நேரா உட்காரு."

நான் முதல்லேருந்து பின்ன ஆரம்பிச்சேன்.

மூணு சட்டை போட்டுக்கோ. இங்க வராதே.

அக்கா